அறப்பணியின் தலைமை

சென்ற கார்த்திகைத் திங்களில் எம் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் சங்கத்திற்கு ஒரு சிறு நூல் தபாலில் வந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்து எளிய மக்களுக்குக் கிணறு தோண்டுதல், பள்ளி நிறுவுதல், பெற்றோரை இழந்த சிறாரை ஓம்புதல் முதலிய நற்செயல்களைக் கிறிஸ்துவின் திருநாமத்தால் ஆற்றிவரும் ஒரு சங்கத்தார் அதனை விடுத்திருந்தனர். தாளும் அச்சும் கண்ணைக் கவர்வன. நடுப்பக்கங்கள் இரண்டிலும் அச்சங்கத்தை நடத்தும் பெரியோர் ஒன்பதின்மருடைய உருவப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றன் கீழும் அவரது கல்வி, பதவி, இப்பணிக்கு அவர் அழைப்புற்ற வரலாறு ஆகியன விரிவாக எழுதப்பட்டிருந்தன. ஏனைப் பக்கங்களில் ஆப்பிரிக்கச் சிறார் பலர் நகைத்துக்கொண்டும் நீர் பருகிக்கொண்டும் நின்றனர். அவருள் ஒருவர்க்கேனும் பெயர் இல்லை. பெயருடைய ஒன்பதின்மருள் ஆப்பிரிக்கர் ஒருவரேனும் இல்லை.

எம் சங்கத்தின் கிறிஸ்துமஸ் காணிக்கையை அவர்களுக்கு அனுப்புவதென்று பேச்சு எழுந்தபோது, இக்குறையை யான் எடுத்துரைத்தேன். உடனிருந்த நண்பரொருவர் புன்முறுவல் செய்து, ‘தாகத்தால் நாவறண்டு கிடப்பவன், குடத்தைச் சுமந்து வருபவன் எந்நாட்டான் என்று கேட்பானோ?’ என்றார். அவையோர் நகைத்தனர். அன்று மாலை எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர்த் தோன்றியதை இங்கு எழுதுகின்றேன், நண்பர் பொறுப்பாராக.

யான் செம்பரம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். எம்மூர் ஏரியைச் சென்னை நகரத்தார் நன்கறிவர். அவர் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அதனின்று செல்வது. நிரம்பினால் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரிக்கு மேற்கே திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இன்று ஆலைகளால் நிறைந்துள்ளன. அங்குச் செய்யப்படும் மோட்டார் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் செல்கின்றன. ஆதலின் ஆப்பிரிக்கா என்னும் பெயர் எம்மூரார்க்குப் பூகோள நூலில் மட்டும் கேட்கும் பெயரன்று.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில், ஏரி நிரம்பித் ததும்ப, நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதையும், ஆற்றங்கரை மாந்தர் அவ்விரவில் பட்ட பாட்டையும் நாடறியும். அப்பொழுது எனக்கு வயது ஒன்பது. எங்கள் பக்கத்திலும் தாழ்ந்த தெருக்களில் மழைநீர் புகுந்து நின்றது. நீர் வடியத் தொடங்கியதும் உதவி வந்தது. ஒரே நாளில் மூன்று லாரிகள் வந்து நின்றதை யான் கண்டேன். மூன்றும் ஏற்றி வந்தவை பழைய துணியும் போர்வையுமே. அவற்றுள் எம்மூர் வெயிலில் எவரும் அணியவொண்ணாத தடித்த கம்பளிச் சட்டைகளும் இருந்தன. சிறுவர்களாகிய நாங்கள் அவற்றை அணிந்து கூத்தாடினோம். வேண்டியிருந்தவையோ குடிநீரும், குழந்தைகட்குப் பாலும், உலர்ந்த அடுப்பும், பெண்டிர் ஆடவரிடம் வாய்விட்டுக் கேட்க நாணும் சில பொருள்களும். கொண்டுவந்தோர் நல்லோர், இரவெல்லாம் விழித்து வந்தவர். ஆனால் எவரும் கேட்டிலர்.

மறுநாள் வந்தவர் சற்று விவரம் உடையவர். ‘ஊரில் பெரியவர் யார்?’ என்று கேட்டு, அவரிடம் பொறுப்பை ஒப்புவித்தனர். பெரியவர் தம் தெருவினின்று தொடங்கினார். தம் சுற்றத்தார் தெருவைத் தொடர்ந்தார். ஏரிக்கால்வாயை அடுத்த கடைசித் தெருவிற்கு, நீர் முதலில் புகுந்து இறுதியில் வடிந்த அத்தெருவிற்கு, மூன்றாம் நாள்தான் அரிசி சென்றது. அத்தெருவினர் ஏன் கடைசியில் இருந்தனர் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த எவர்க்கும் யான் விளக்க வேண்டுவதில்லை.

நான்காம் நாள் காரியம் வேறுவகையாக நடந்தது. அங்கன்வாடியில் சமையல் செய்யும் ஓர் அம்மையார் அக்கடைசித் தெருவில் வாழ்பவர். எந்த வீட்டில் கைக்குழந்தை உண்டு, எவள் நிறைசூலி, எந்தக் கிழவர் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் என்பதெல்லாம் அவர்க்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்த ஊர்த் திருச்சபையினின்று வந்த இளைஞர் சிலர், எதனாலோ அவரைக் கண்டு பேசினர். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் வீடுவீடாக எழுதிக்கொடுத்தார். அவர்கள் அந்நோட்டின்படியே செய்தனர். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. உருவப்படம் எடுக்க அன்று எவர்க்கும் நினைவில்லை போலும்.

நண்பர் சொன்ன உவமையில் ஒரு குறை உண்டு. ஒரு குடம், ஒரு வாய், ஒரு மடக்கு நீர் என்றால் அவர் சொன்னது சரியே; கேள்விக்கு இடமில்லை. அறப்பணிச் சங்கமோ ஆண்டுக்கணக்கில் நடப்பது. எந்தச் சிற்றூரில் கிணறு, கிணற்றருகே யார் தெரு, பள்ளியில் எம்மொழி, ஆசிரியர் யார், பணம் குறைந்தால் எதனை முதலில் நிறுத்துவது என்று ஓயாது முடிவு செய்துகொண்டிருப்பது. முடிவு செய்வோர் பெயரையே தலைவர் என்கிறோம். அம்முடிவின் பயனை நுகர்ந்து கிடக்க வேண்டியவருள் ஒருவரேனும் அங்கு இல்லையெனின், அச்சங்கம் கம்பளிச் சட்டையைத்தான் கொண்டுவரும்.

இது புதுமையான கருத்தன்று. திருச்சபை பிறந்த சில நாள்களுக்குள்ளேயே இச்சிக்கல் எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். எருசலேமில் நாள்தோறும் நடந்த பந்தி விசாரிப்பில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாது விடப்பட்டனர் என்ற முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் யாது செய்தனர்? தம்முள் இரக்கம் மிகுந்த ஒருவரை அப்பணிக்கு அமர்த்தினாரிலர். ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுமாறு சபையாரையே கேட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். அக்காலத்துப் பாலஸ்தீன யூதருள்ளும் கிரேக்கப் பெயர் பூண்டோர் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் ஏழும் ஒருங்கே அவ்வாறு அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை. எந்தப் பந்தியில் விதவைகள் விடப்பட்டனரோ, அந்தப் பந்தியாரிடமே எல்லாருடைய பந்தியும் ஒப்படைக்கப்பட்டதென்றே கொள்கிறேன். நெஞ்சுரம் வேண்டும் இதற்கு.

ஆப்பிரிக்கப் பணியில் இவ்வுரம் ஒருகால் இருந்தது, பின்னர் இழக்கப்பட்டது. அவ்வரலாற்றை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே ஆதலின் சற்று விரித்துரைக்கிறேன்.

இன்றைய நைஜீரிய நாட்டில், யோருபா இனத்தில் பிறந்த அஜாயி என்னும் சிறுவன், 1821இல் அடிமை வேட்டைக்காரர் கையில் சிக்கினான். பலமுறை விற்கப்பட்டு இறுதியில் ஒரு போர்த்துக்கேசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822இல் ஆங்கிலக் கடற்படையினர் அக்கப்பலை மறித்து, அவனைச் சியரா லியோன் கரையில் இறக்கினர். அங்கே கல்வி கற்று, ஞானஸ்நானத்தில் சாமுவேல் குரோதர் என்னும் பெயர் பூண்டு, 1827இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணாக்கருள் ஒருவரானார். 1843இல் குருப்பட்டம் பெற்றார். மூன்றாண்டு கழித்து அபெயோகுட்டா நகரில், இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் பிரிந்த தம் தாயைக் கண்டார். தாயும் மகனும் பேச நாவெழாது ஒருவரையொருவர் நோக்கி நின்றனராம். பின்னர் அவ்வன்னைக்கும் ஞானஸ்நானம் அளிக்கப்பெற்று அன்னாள் என்னும் பெயர் இடப்பட்டது. வேதாகமத்தை யோருபா மொழியில் பெயர்த்த பெரும்பணியில் குரோதருக்கே தலைமைப் பங்கு உண்டு.

அக்காலத்துத் திருச்சபை மிஷனெரி சங்கத்தின் செயலராயிருந்த ஹென்றி வென் என்பார், மிஷனெரியின் வேலை தாம் இல்லாமலே நடைபெறக்கூடிய சபையை ஆக்கிவிட்டு விலகுவதே என்று கொண்டவர். தன்னைத் தானே தாங்குதல், தன்னைத் தானே ஆளுதல், தன்னைத் தானே பெருக்குதல் என்ற மூன்றும் அவர் கொள்கை. திருநெல்வேலிச் சபைகளிலும் அக்கொள்கையின் விளைவைக் காணலாம். அவர் தூண்டுதலால், 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், கான்டர்பரிப் பேராலயத்தில் குரோதர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. நைஜர் ஆற்றங்கரைப் பணி முழுவதும் ஆப்பிரிக்கப் பணியாளரைக் கொண்டே அவர் தலைமையில் நடந்தது.

வென் 1873இல் காலமானார். காலமும் மாறிற்று. இங்கிலாந்தினின்று வந்த ஆர்வமிக்க இளைஞர் சிலர் குரோதரின் பணியாளர்மீது பல குற்றங்களைச் சாட்டினர். அவற்றுட் சில உண்மையே. அதனை மறைத்தல் நேர்மையாகாது. குரோதர் முதுமையாலும் இரக்கத்தாலும் கண்டிப்பில் குறைந்தவர் என்பதும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் அவ்விளைஞர் செய்ததென்ன? 1890இல், எண்பதாண்டு கடந்த அத்தியட்சர் வீற்றிருந்த குழுவிலேயே, அவருடைய குருமாரை ஒருவர்பின் ஒருவராக நீக்கினர். கிழவர் அக்குழுவினின்று விலகினார். 1891ஆம் ஆண்டின் இறுதி நாளில் லாகோசு நகரில் உயிர் நீத்தார். அவருக்குப்பின் அவ்விடத்தில் ஓர் ஐரோப்பியரே அமர்த்தப்பட்டார். 2014இல், அபிஷேகம் நிகழ்ந்த 150ஆம் ஆண்டு நிறைவில், கான்டர்பரிப் பேராயர் அதே பேராலயத்தில் இக்கொடுமைக்காக மன்னிப்பு வேண்டினார். நூற்றிருபது ஆண்டுகட்கு மேல் கழிந்த பின் வந்த மன்னிப்பு.

குரோதர் வரலாற்றைச் சொன்னால், ‘பார்த்தீரா, கணக்கில் தவறு நேர்ந்ததன்றோ?’ என்று சிலர் கூறுவர். நேர்ந்தது. ஐரோப்பியர் நடத்திய சங்கங்களிலும், நம் நாட்டார் நடத்திய சங்கங்களிலும் கணக்கில் தவறு நேர்ந்ததில்லையோ? நம்மவர் தவறினால் தவறினவரை நீக்குகிறோம். அவர் தவறினால் அவ்வினத்தார் அனைவரையும் நீக்குகிறோம். இவ்வேறுபாட்டிற்கு நியாயம் யாண்டுளது?

ஆல்பர்ட் ஷ்வைட்சர் என்னும் பெரியாரை அறியாதார் இல்லை. இறையியலும் இசையும் வல்ல அவர், மருத்துவமும் கற்று, 1913இல் காபோன் நாட்டு லாம்பரேனே சென்று மருத்துவமனை நிறுவி, 1965இல் அங்கேயே காலமானார். அத்தகைய தியாகத்தின்முன் என்போன்ற சிறுவன் தலைவணங்குவதன்றி வேறு செயற்பாலதில்லை. எனினும் ஆப்பிரிக்கரைத் தம் சகோதரர் என்று ஏற்ற அவர், தம்மை மூத்தவராகவும் அவரை இளையவராகவுமே வைத்துப் பேசினார். அண்ணன் என்னும் சொல்லின் பொருளைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அண்ணன் அன்பன்தான், தம்பியின் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுபவனும் அவனே. தம்பிக்கு மீசை நரைத்த பின்னும் ‘அவன் சிறுவன்’ என்பான்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் கேட்டது இவ்வண்ணன் உறவையன்று. மிஷனெரிமார் பொருளும் உடலும் ஈந்த தியாகத்தை நன்றியோடு போற்றிய பின், நாங்கள் வேண்டுவது நட்பு என்று முடித்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர் என்பர். அண்ணனுக்குத் தம்பி அடங்குவான். நண்பனோ எதிர்த்துப் பேசுவான், கணக்குக் கேட்பான், ஒருகால் தலைமையும் ஏற்பான். 1912இல் அவர் தோர்ணக்கல் அத்தியட்சரானார். இந்தியருள் ஆங்கிலிக்கன் அத்தியட்சரான முதல்வர். அதற்கு முன்னரே, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905இல் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும், இந்தியர் பொருளாலும் இந்தியர் தலைமையாலும் நடக்குமாறு நிறுவுவதில் முன்னின்றவர்.

‘அசரியாவும் தெலுங்கர் நடுவே சென்ற அயலார்தாமே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவர் தெலுங்கு கற்றார். மாலர், மாதிகர் என்று ஒதுக்கப்பட்ட சிற்றூர் மக்களினின்றே உபதேசியாரையும் குருமாரையும் பயிற்றினார். அயலார் செல்லலாகாது என்பது என் கருத்தன்று. சென்றவர் தம் இடத்தில் யாரை அமர்த்தப் பயிற்றுகிறார் என்பதே என் வினா.

நம் நாட்டினின்று ஆப்பிரிக்கா சென்ற ஒரு பணி இதனை நன்கு விளக்கும். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோர்க்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் மருத்துவர், 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன விரல்களையுடைய நோயாளர் கைகளைக் கண்டு, தசைநாரை இடம்மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை வேலூரில் வளர்த்தார். அக்கலை எத்தியோப்பியாவுக்கும் சென்றது. 1965இல் ஆடிஸ் அபாபாவில் அகில ஆப்பிரிக்கத் தொழுநோய் மறுவாழ்வுப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அதனை வகுத்தவருள் பிராண்டும் ஒருவர். பெயரிலேயே ‘பயிற்சி’ என்னும் சொல் இருத்தலைக் காண்க. ஆப்பிரிக்க மருத்துவரும் பணியாளரும் அக்கலையைக் கற்றுத் தத்தம் நாடுகளில் தாமே நடத்துவது அதன் நோக்கம். இன்று அது எத்தியோப்பிய அரசின் சுகாதாரத் துறையின் கீழ் நடைபெறுகிறது. தொடங்கினோர் கையைவிட்டுச் சென்றது, மூடப்படவில்லை.

எம்மூர் ஆலைகளைக் காட்டி ஒருவர் என்னிடம் வாதித்தார்: ‘முதல் போட்டவன் ஆள்கிறான். கொரியர் முதலிட்டால் கொரியர் தலைவர். பிரெஞ்சுக்காரர் முதலிட்டால் பிரெஞ்சுக்காரர் தலைவர். அறப்பணியும் அவ்வாறே.’ ஆலையின் முறை ஆலைக்கு ஆகுக. காணிக்கைத் தட்டில் இட்ட பின் அப்பணம் யாருடையது? கையெடுத்துப் படைத்துவிட்டு, படைத்ததன்மேல் உரிமை கொண்டாடுவது என்ன படையல்?

இவையெல்லாம் கூறுங்கால், ஆப்பிரிக்கர் ஒருவர் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று யான் கருதுவதாக எவரும் கொள்ளற்க. எம்மூர்ப் பெரியவரும் எம்மூரார்தாம். தலைநகரில் பிறந்து வெளிநாட்டில் கற்ற ஒருவர், கிணறில்லாத சிற்றூரின் கடைசித் தெருவை ஒன்பதின்மரைப் போலவே அறியாதிருக்கலாம். கறுத்த நிறம் ஒன்றே அறிவைத் தந்துவிடாது. அந்நோட்டுப் புத்தகம் யார் கையில் உள்ளதோ அவரைத் தேடல் வேண்டும். அது கடினம், காலம் கொள்வது, அச்சுநூலில் அழகாக அமையாதது.

உலகம் இவ்வழியில் சிறிது நகர்ந்துள்ளது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச்செயலராகக் கென்யாவின் சாமுவேல் கோபியா 2004 முதல் 2009 வரை இருந்தார். ஜாம்பிய மரபினரான அமாண்டா முக்வாஷி அம்மையார் 2018 முதல் 2021 வரை இங்கிலாந்தின் கிறிஸ்டியன் எய்டு சங்கத்தை நடத்தினார். 2023இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச்செயலராகப் பதவியேற்ற தென்னாப்பிரிக்கர் ஜெரி பிள்ளை. அப்பெயரைக் கேட்டதும் எனக்கு ஓர் உவகை. 1860இல் சென்னையினின்று 342 பேரை ஏற்றிச் சென்று டர்பன் துறையில் இறக்கிய ட்ரூரோ கப்பலை நினைத்தேன். அன்று கரும்புத் தோட்டக் கூலிகளாய் இறங்கியோரைப் பார்த்து, இவர் வழியினர் நாளை உலகச் சபைகளின் அவையில் அமர்வர் என்று எவரேனும் சொல்லியிருந்தால் தோட்டத் துரைமார் நகைத்திருப்பர். நம்மவர் உயர்வில் மகிழும் நாம், நம் காணிக்கை செல்லும் இடத்தில் மட்டும் துரைமாரைப்போல் நகைத்தல் தகுமோ?

சங்கச் செயலர் இசைவோடு அச்சிறு நூலை விடுத்தோர்க்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வினாக்களே கேட்டிருந்தேன். கிணறு எங்கே தோண்டுவதென்று அவ்வூரில் முடிவு செய்தவர் யார்? கணக்கில் கையெழுத்திடும் ஆப்பிரிக்கர் எவரேனும் உளரோ? படத்தில் நீர் பருகும் அச்சிறுமியின் பெயர் என்ன? விடை இருவாரத்தில் வந்தது. மிக்க அன்போடு எழுதப்பட்ட கடிதம். எம் ஆர்வத்தைப் பாராட்டி, எமக்காக ஜெபிப்பதாகவும் கூறியது. அதனோடு அச்சிறு நூலின் மற்றொரு படியும் இருந்தது.

காணிக்கைப் பணம் இன்னும் பொருளாளர் வசமே உள்ளது. உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பின் கூடும் கூட்டத்தில் அதனைப்பற்றி முடிவு செய்யப்படும். நண்பர் அனுப்புக என்பார். அதுவரை பணம் ஒருவர் தாகத்தையும் தீர்க்காமல் கிடக்கிறதே என்று அவர் கேட்டால், அக்கேள்விக்கு யான் நாணத்தான் வேண்டும். ஆயினும் அதே வினாக்களை மறுபடியும் எழுதித் தபாலில் சேர்த்துள்ளேன். இம்முறை சிறுமியின் பெயரை முதல் வினாவாக வைத்தேன்.